மிளகு மிதிக்க ஆள் சொல்லவில்லை

ஏனுங்க,

நான் வாயைத் திறந்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள். அதனால்தான் எழுதி, காபி டம்ளருக்கு அடியில் வைக்கிறேன்.

வாதம் வந்து ஒரு பக்கம் கையும் காலும் விழுந்தபோது, நடக்க நடக்கத் தேறும் என்றுதான் டாக்டர் சொன்னார். பயிற்சி கொடுக்க வந்த பெண்ணை, "செத்த காலுக்கு எதுக்கு சாமி டிரில்லு, போ" என்று அனுப்பிவிட்டீர்கள். போகும்போது அவள், "அண்ணனுக்குப் பழகுன வேலை ஏதாச்சும் குடுத்துப் பாருங்கக்கா" என்றாள்.

வருஷாவருஷம் ஆட்களோடு இறங்கி மிளகு மிதித்தவர்தானே நீங்கள். அதனால் இந்த வருஷம் மிளகு மிதிக்க நாகலூரிலிருந்து ஆள் சொல்லவில்லை. தோட்டம் தோட்டமாக அலைந்து வாங்கிய கொத்தெல்லாம் வாசலில் தார்ப்பாயின்மேல் குவிந்து கிடக்கிறது. இன்றைக்கே மிதித்து உதிர்த்துக் காயப்போடாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். பைத்தியக்காரத்தனம்தான். தலைச்சுமையாக ஆரஞ்சு விற்று மேலே வந்தவள் நான். தேறாத சரக்கைக் கட்டிக்கொண்டு ஒரு நாளும் நின்றதில்லை. உங்கள் விஷயத்தில் அந்தப் புத்தி வேலை செய்யவில்லைங்க. வேறு வழியும் தெரியவில்லை.

வாசல் தூணிலிருந்து சில்வர் ஓக் மரம்வரை கயிறு கட்டியிருக்கிறேன். நல்ல கையால் பிடித்துக்கொண்டு மிதிக்கலாம். விழுந்தாலும் மிளகுமேல்தான் விழுவீர்கள்.

காபிச் செடிக்கு அடிக்கிற மருந்தைக் கொட்டகையில் இனித் தேட வேண்டாம். பக்கத்து ஊட்டு சுஜாதாவிடம் முன்னாடியே கொடுத்துவிட்டேன். நேற்று மத்தியானம் நீங்கள் அங்கே தவழ்ந்து போனதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கொட்டகைவரை தவழ்ந்து போனவருக்கு வாசல் என்ன தூரமுங்க?

கயிற்றின் அந்த முனையில் நிற்கிறேன்.

உங்கள் ஊட்டுக்காரி