‘+2’ என்று ஒரு கோப்பு

முந்தல், 9 மார்ச் 2007, வெள்ளி இரவு

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

எங்கள் இறால் பண்ணையில் மாலைதோறும் குளங்களின் ஒட்சிசன் அளவைக் கணினி, குறைந்தது முதலில் வர, வரிசைப்படுத்தும். முதலில் வரும் குளத்துக்குத்தான் காவலாளிகள் தண்ணீரில் காற்றைக் கலக்கும் சக்கரத்தை ஓட விடுவார்கள். அப்படி வரிசைப்படுத்தும் கணினிக் கட்டளையை எழுதியவன் நான். போன கிழமை கொழும்பிலிருந்து வந்த ரிஸ்வான் கணினியில் புதிய லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டான். இன்று பட்டியல் வெறுமையாக வந்தது. அட்டவணையில் இரண்டு நிரல்களைத் தாண்டி மூன்றாவதைப் பார் என்று நான் எழுதிய ‘+2’ஐ, ஒரு கோப்பின் பெயர் என்று எண்ணிப் புதிய லினக்ஸ் தேடியிருக்கிறது.

“பிழை உங்கட கட்டளையில, அண்ணன். புதுத் தரநிலையில அது இல்ல. எல்லாத்தையும் திருப்பி எழுதணும்” என்றான் ரிஸ்வான்.

“எழுதி முடியுமட்டும் இறால் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்குமோ, தம்பி?”

என்னைப் பழைய சாமான் என்று சொல்லித் திரிந்த மனேஜர்கூடச் சிரித்துவிட்டார்.

பழைய தரநிலைப்படி நட என்று புதிய லினக்ஸுக்கே சொல்ல ஒரு வரி உண்டு. அதைக் கட்டளைக்கு மேலே சேர்த்தேன். பட்டியல் வந்தது. அதில் முதலில் நின்ற ஏழாம் குளத்தில் சக்கரம் சுற்றும் சத்தம் அலுவலகம் வரை கேட்டது.

“இது எங்க இருந்திச்சு?” என்றான் ரிஸ்வான்.

“கையேட்டில நீ படிக்காத பக்கத்தில.”

பழைய கட்டளைக்காரரை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று இணைய மடற்குழுவில் எழுதியவன் அவன். அதே குழுவில் இந்த வரியைப் போடப்போகிறேன். இந்த யுத்த காலத்தில் தமிழ்ப் பெயரைக் கண்டால் வேறு கேள்விகள் வரும். என் பெயர் வேண்டாம். இறால் பண்ணையில் நடந்தது என்று வாசித்ததும் யார் எழுதியது என்று அவனுக்கு விளங்கும்.