மஹர் வயல்

கருங்கல்
5.1.2025

ஏட்டி சபூரா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ என் நம்பரை பிளாக் பண்ணினதால் தபால்காரருக்கு வேலை வந்தது. அவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

கோழிக்கடை ஓடுது. என் பேச்சைக் கேட்டே பாதிக் கோழி செத்துப்போகுதுன்னு பக்கத்துக் கடை ஜெபதாஸ் சொல்லுகான். நேற்று வயலைப் பார்த்துக்கிற சிவதாணு அண்ணன் வந்தார். உன் மஹர் வயலில் கும்பப்பூ போகத்து நெல் கதிர் விட்டிருக்காம். கிளியை வெடி போட்டு விரட்டாதீங்க, பறவை தின்றதும் தர்மம்தான்னு, நீ ஆலிமாவா பாடம் நடத்துற மதரஸா பிள்ளைகளிடம் சொல்லி வச்சிருக்கியாமே. கிளிக்குப் பங்கு, ஏழைக்குப் பங்கு, விடுதியில் அறுபது பிள்ளைகளுக்குக் கஞ்சி. நிக்காஹ் அன்று அந்த வயலை உன் பேருக்கு எழுதின மாப்பிள்ளைக்கு ஒரு பிடிகூட இல்லையா?

நீ போய் ரெண்டு வருஷம் ஆச்சு. நோன்புக்கு முந்தி வீட்டுக்கு வந்துரு.

உன்னைத் தவிர எல்லாரையும் சிரிக்க வைக்கும்
மாஹீன்

திருவட்டாறு
14.1.2025

மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே பிள்ளைகள் சுகம். தொழுகைக்கு ஒளு செய்த தண்ணீரைக் கீரைப் பாத்திக்குத் திருப்பிவிட்டிருக்கோம். வீணாக்காதேன்னு பாடம் மட்டும் நடத்தினால் போதாதே.

வரச் சொல்லி எழுதுறீங்க. மூணாவது கருவும் கலைஞ்ச மாசம், உங்களுக்குச் சோறு கொண்டு கடைக்கு வந்தேன். "வயல்ல ரெண்டு போகம், வீட்டுல ஒரு போகமும் இல்லை"ன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. கடையே சிரிச்சது. நீங்களும்.

பிரிஞ்சிரலாம்னு ஜமாத்துல கேட்டேன். பெண் தானாக் கேட்டு விலகினால் வாங்கின மஹரைத் திருப்பிக் கொடுக்கணுமாம். கொடுத்தா இந்தப் பிள்ளைகள் பட்டினி. அதனாலதான் இன்னும் உங்க மனைவியா இருக்கேன். வேற காரணம் இல்லை.

சபூரா

கருங்கல்
20.1.2025

சபூரா,

நீ பிரியாமல் இருப்பதை வச்சு, உன் மனசு என்கிட்டதான் கிடக்குன்னு ஜெபதாஸிடம் ரெண்டு வருஷமா பெருமையடிச்சேன். எல்லாம் நெல்லுக்காகவா? அப்படின்னா வயலைத் திருப்பித் தா. இல்லேன்னா வீட்டுக்கு வா.

மாஹீன்

திருவட்டாறு
2.2.2025

மச்சானுக்கு,

வயலைத் தந்துடறேன். பிரியறதுக்கு ஜமாத்தில் மனுவும் கொடுத்தாச்சு. நிற்கிற கதிர் மட்டும் பிள்ளைகளுக்குச் சேரட்டும், அறுப்பு வரை பொறுங்க.

விடுதிக்குப் பின்னால் மரச்சீனி ஊன்றியிருக்கோம். கிழங்கு பிடுங்க எட்டு மாசம் ஆகும். அதுவரை ராத்திரிக் கஞ்சியை நிறுத்திக்கலாம்னு பெரிய பிள்ளைகளே வந்து சொன்னாங்க. நான் கேட்கல.

சபூரா

கருங்கல்
16.2.2025

ஆலிமா சபூரா அவர்களுக்கு,

ஸலாம். நேற்று ஜமாத்தில் உங்கள் மனுவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மஹர் எனக்கு வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்தேன். வயல் உங்களுடையது. ராத்திரிக் கஞ்சியை நிறுத்த வேண்டாம்.

"என்ன மாஹீன், வயலும் வேண்டாமா?" என்று தலைவர் கேட்டார். நான் வாயைத் திறந்ததுமே எல்லாரும் சிரிக்கத் தயாரானார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை. அதற்கும் சிரித்தார்கள்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்டு மூன்று தாள் எழுதினேன். எப்படி எழுதினாலும் வேடிக்கையாகவே வருகிறது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
கோழிக்கடை மாஹீன்