விறகுக்குப் பின்னால் நாலு கல்

வேலை முகாம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள காசியன் மச்சானுக்கு,

உன் தங்கை புருஷன் விகில் எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் உன் ஒன்பது மாடுகளும் சுகமாக இருக்க வேண்டும்.

எட்டாம் வகுப்போடு ஓடிப்போனவன் கடிதம் எழுதுகிறானே என்று சிரிப்பாய். சிரி. போனில் சொல்லத்தான் இரண்டு தடவை கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும் வாய் தானாகக் கேலிக்குப் போய்விட்டது. பேனாவுக்கு அந்த வாய் இல்லை, அதனால்தான் இது.

இங்கே ரோப்கார் கம்பி மாற்றும் வேலை இன்னும் பத்து நாள் இருக்கிறது. சமையல்காரர் செய்கிற ரொட்டி உருண்டையைக் கீழே போட்டால் தரைதான் உடையும். மழை வேறு.

நேற்று உன் தங்கை மோய்டி போனில் சொன்னாள், இந்தக் கோடைக்கு நீ மாடுகளை மலை மேய்ச்சலுக்கு ஓட்டப்போவதில்லையாம். ஒன்பதையும் மாட்டு வியாபாரி ரூபர்ட்டுக்கு விற்றுவிடப் போகிறாயாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அவனுக்குக் கைகொடுத்து விலையை முடிக்கப் போகிறாயாம். ஏன் என்று கேட்டதற்கு, “சனிக்கிழமை சைக்கிள்லயே தெரிஞ்சுபோச்சு மோய்டி, இந்த உடம்பு அவ்வளவுதான்” என்றாயாம். சொல்லிவிட்டு அழுதாள்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

வெளியூர்க்காரர்கள் நம் ஊரில் சைக்கிள் ஏறி, ஆற்றோடு கீழே உருண்டு லியென்ஸ் நகரம் வரைக்கும் போய், ரயிலில் திரும்புவார்கள். “அது சோம்பேறி வேலை மச்சான். நாம ரயில்ல கீழே போய், ஆத்துக்கு எதிரா மிதிச்சு வீடு வருவோம்” என்று சொன்னது நான். டிசம்பரில்தான் உன் நெஞ்சைத் திறந்து தைத்தார்கள். மெதுவாக மிதிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், நாமும் மெதுவாகத்தான் கிளம்பினோம்.

லியென்ஸில் நீ காபி வாங்கப் போனாய் அல்லவா? அந்த நேரத்தில் ஆற்றங்கரையில் நாலு கல் பொறுக்கி உன் சைக்கிளின் பின்பக்கப் பைகளில் வைத்தேன். பக்கத்துக்கு இரண்டு, மேலே உன் மழைக்கோட்டைப் போட்டு மூடினேன். ஒவ்வொன்றும் ஒரு முழு ரொட்டி அளவுக்கு இருக்கும்.

மலைக்குப் போகிறவன் பையில் கல் வைக்காதவன் நம் ஊரில் யார்? மேலே போய்ப் பையைத் திறப்போம், கல் உருளும், எல்லாரும் சிரிப்போம், வைத்தவன் சாராயம் வாங்கிக் கொடுப்பான். என் கல்யாணத்துக்கு மறுவாரம் நீ என் பையில் வைத்த கல்லை மோய்டி இன்னும் புளிக்கவைக்கும் முட்டைக்கோசு மேல் பாரமாக வைத்திருக்கிறாள். அந்த மாதிரி நினைத்துதான் செய்தேன். உன் நெஞ்சில் இருக்கிற தையல் அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை. அதை நினைத்தால் இப்போது எனக்கு முகம் சுடுகிறது.

நீ சாப்பாட்டுக்காகப் பையைத் திறந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் என் பன்றி இறைச்சியை அறுத்து அறுத்துக் கொடுத்தேன். “என்ன மாப்ளே, கஞ்சப்பய நீ, இன்னிக்கு வள்ளலாயிட்டே?” என்று கேட்டாய். கூடையில் நாய்க்குட்டியை உட்கார வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைமுடி அம்மா நம்மைத் தாண்டிப் போனாள். “மச்சான், அந்த நாய் உன்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்குது பார்” என்றேன். நீயும் சிரித்தாய், ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு.

பாதி வழியில், மிட்டேவால்ட் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் சூப் குடிக்கும்போது சொன்னாய்: “மாப்ளே, இது எனக்கு நானே வெச்ச பரீட்சை. இன்னிக்கு வீடு வரைக்கும் மிதிச்சுட்டா மாட்டை மலைக்கு ஓட்டுவேன். இல்லேன்னா விட்டுடுவேன்.”

அப்போதே எழுந்து போய்க் கல்லை எடுத்திருக்க வேண்டும். பக்கத்து மேசையில் ஆட்கள் இருந்தார்கள், கடைக்கார அம்மா நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பு வராத இடத்தில் கல்லை எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வழியில் நைசாகத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன், நீ சைக்கிளை விட்டு நகரவே இல்லை. பயத்தில் இன்னும் கூடக் கேலி செய்தேன். நத்தை என்றேன், புது மணப்பெண் நடை என்றேன்.

சில்லியனில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தாய். உதடு வெளுத்திருந்தது. “போதும்டா” என்றாய். நான் என்ன செய்தேன்? உன் பைகளைக் கழற்றி என் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, நீ ரயிலில் லேசாகப் போ என்றேன். நீ என் கையைப் பிடித்து, “நல்லவன்டா நீ” என்றாய்.

மச்சான், அந்தக் கையை இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

மிச்ச வழியை அந்தக் கல்லோடு நான் மிதித்தேன். எனக்கு நெஞ்சில் தையல் கிடையாது, ஐந்து மாதம் கட்டிலில் கிடக்கவும் இல்லை. நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் அந்தச் சின்ன ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன். இரண்டு தடவை. நீ முப்பது கிலோமீட்டர் இறங்காமல் மிதித்தவன்.

கல்லை ஆற்றில் போடத்தான் நின்றேன். மனசு வரவில்லை. என் வீட்டு விறகு அடுக்குக்குப் பின்னால் வைத்து, பழைய சாக்கைப் போட்டு மூடியிருக்கிறேன். பைகளை மட்டும் அன்று சாயங்காலம் உன் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு, உன் முகத்தைப் பார்க்காமல் வந்தேன். மோய்டிக்கு இதெல்லாம் தெரியாது. அவளிடம் நீயே சொல், எனக்குத் தைரியம் இல்லை.

மலைக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அது வேறு. அவரைப் போய்க் கேள். ஆனால் என் கல் சொன்னதைக் கேட்டு மாட்டை விடாதே. ரூபர்ட்டின் கையைப் பிடித்துவிட்டால் பிறகு பேச்சு மாற உன்னால் முடியாது, உன்னை எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் என் வீட்டுக்குப் போ. சாக்கை விலக்கு. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்.

பிறகு என்னோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். மணி கட்டின உன் மாடுகள் மலையேறும் நாளில் பின்னால் வர மட்டும் அனுமதி கொடு. அந்த நாலையும் உன் கையாலேயே என் முதுகுப்பையில் வை. வழியில் வாய் திறக்க மாட்டேன்.

கடவுள் உன் நெஞ்சைக் காக்கட்டும்.

தலைகுனிந்து,
விகில்