அம்மா பேசினால்தான் பேசுவார்களாம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். வீட்டில் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஃப்ரிட்ஜ் வழக்கம்போல் முனகிக்கொண்டிருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியைப் படிக்காமலே நீ பெட்டியைக் கட்டத் தொடங்கிவிடுவாய்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிப்பா, விடுங்க, நான் வந்து பாத்துக்கறேன்" என்று முடித்துவிடுகிறாய். நீ வேலை பார்க்கும் பாலம் கட்டும் இடத்தில் சிக்னலும் பாதியில் போய்விடுகிறது. கடிதமென்றால் குறுக்கே பேச முடியாது, கடைசி வரை படித்துத்தான் தீர வேண்டும். கடையில் யாரும் வாங்காமல் கிடக்கும் ஒரு பெரிய மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் உன் அம்மா பேனாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒற்று மிகுமா மிகாதா என்று என் உயிரை வாங்கிவிடுவாள். அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன். நீ வேலையில் சேரக் கிளம்பிய வாரம் மின் கம்பெனிக்காரர்கள் பழைய மீட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்கள். மாதா மாதம் மீட்டரைப் பார்த்து அதிலுள்ள எண்ணை அவர்களுக்கு அனுப்பும் வேலை அதுவரை உன்னுடையது. போகும்போது அம்மாவிடம் ஒப்படைத்தாய். "என்ன நம்பர் இருக்கோ அப்படியே அனுப்பும்மா, ஒண்ணுகூட விட்டுடாதே" என்றாய். யாரிடம் போய் இதைச் சொல்கிறோம் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம். அச்சகத்தில் ரயில் கால அட்டவணைக்கு மெய்ப்புப் பார்த்தவள் அவள். ஓர் எண் விட்டுப்போனால் யாரோ ஒருவர் ரயிலைத் தவறவிடுவார் என்று பயந்து பயந்தே வேலை பார்த்தவள். ஒரு எண்ணை விடுவாளா?

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்கே தெரியுமே. பில் மலைபோல் வந்தது. ஆட்டோ டெபிட் என்பதால் நம்மைக் கேட்காமலே வங்கிக் கணக்கிலிருந்து உறிஞ்சிக்கொண்டார்கள். அடுத்த மாதமும் அதே கூத்து. வீட்டுக் கடன் தவணைக்குக் கணக்கில் ஒன்றும் மிஞ்சாமல், வங்கியின் குறுஞ்செய்தி உன் போனுக்கு வந்து நீ பதறினாய். ஆட்டோ டெபிட்டை நிறுத்தச் சொல்லி வங்கிக்குப் போனேன். நிறுத்தலாம், ஆனால் பாக்கி இருக்கிறது என்று அவர்கள் கரண்டைப் பிடுங்கினால் நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள்.

நீ கம்பெனியைக் கூப்பிட்டாய். இணைப்பு அம்மா பெயரில் இருக்கிறது, அவர் வாயால் பெயரும் பிறந்த தேதியும் சொன்னால்தான் கணக்கைத் திறப்போம் என்றார்கள். நானும் கூப்பிட்டேன். மழைக்கு ஒதுங்க வந்தவனிடம்கூட மெத்தையை விற்று அனுப்புகிறவன் நான். அங்கே என் பருப்பு வேகவில்லை. அவளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு திக்குகிறது என்று சொல்லிப் பார்த்தேன். "புரியுது சார், ஆனா அவங்க பேசினாதான் சார்" என்றான் அந்தப் பையன். நான் கத்தினேன். அவன் வைத்துவிட்டான். அம்மா இரண்டு மின்னஞ்சல் எழுதினாள், அச்சுக்கே கொடுக்கலாம் போல அவ்வளவு அழகு. அதற்கு "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஏதோ இயந்திரம் பதில் போட்டது.

அப்போதுதான் நீ வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாய். ராஜினாமாவை எழுதி வைத்துவிட்டேன், இந்த மாதக் கடைசியில் சீஃப் இன்ஜினியரிடம் கொடுத்துவிடுவேன் என்றாய். எத்தனை நேர்காணலுக்கு அலைந்து கிடைத்த வேலை அது! அன்றைக்கு உன்னை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்திலேயே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மாவால பேச முடியாதுப்பா, அது உங்களுக்கே தெரியும்" என்று நீ சொன்னது அவள் காதில் விழுந்தது. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சொல்லப்போனால் நானும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். அதன்பிறகு கத்தரிக்காய் ரொம்பப் பொடியாக விழுந்தது.

மறுநாள் காலை ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். மேல்வீட்டு ஜிம் மாஸ்டர்தான் நம் லைனில் கொக்கி போட்டு ஓடும் மெஷினை ஓட்டுகிறான் என்று நினைத்தேன். அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் ஆரம்பித்திருந்தேன். அம்மா என்னை மேலே போகச் சொல்லிக் கை காட்டினாள். வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்தேன். கீழே மீட்டரில் எண்கள் நின்றுவிட்டன. ஜிம் மாஸ்டர் பிழைத்தான். ஹீட்டரைப் போட்டேன். மீட்டர் ஓடியது. கடைசி எண் மட்டும் விறுவிறுவென்று மாறிக்கொண்டிருந்தது, மற்றவை அசையவே இல்லை. அந்தக் கடைசி எண்ணுக்கு மட்டும் சுற்றிலும் சிவப்புக் கட்டம். அது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. பில்லில் சேர்க்கக்கூடாத எண். பழைய மீட்டரில் அப்படி ஒன்று கிடையாது. அம்மா அதையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறாள். இரண்டு பேர் இருக்கும் வீடு பத்து வீட்டுக் கரண்டை எரித்ததாகக் கணக்காகிவிட்டது.

மேலேயிருந்து இறங்கி வந்து பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நெஞ்சில் கை வைத்து "நா...ன்" என்றாள். மறுபடி சிரிப்பு. உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து அவள் இப்படிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். தபால்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து முடித்ததும் எனக்கு வியாபார புத்தி வந்துவிட்டது. தப்பு நம்முடையது என்று ஏன் சொல்ல வேண்டும், மீட்டர் கோளாறு என்று சொல்லிவிடலாமே என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நீ பள்ளியில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட அன்று உன்னைப் பார்த்தாளே, அதே பார்வை. பிறகு முகம் கழுவி, பொட்டு வைத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். போனில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

முதலில் அந்தப் பதிவு செய்த குரல். எதற்காக அழைக்கிறீர்கள் என்று சுருக்கமாகச் சொல்லச் சொன்னது. அம்மா "மீ...ட்...டர்" என்றாள். மன்னிக்கவும், புரியவில்லை என்றது. திரும்பவும் சொன்னாள். திரும்பவும் புரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாம் முறையும் புரியாமல், எங்கள் அலுவலரோடு இணைக்கிறோம் என்று சொல்லிவிட்டது பார்! நான் மணிக்கணக்காக எல்லாப் பட்டனையும் அழுத்தியும் தாண்ட முடியாத வாசல் அது.

ஒரு பெண் வந்தாள். அவசரக் குரல். பெயர் கேட்டாள். அம்மா சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண். நான் போனை வாங்கக் கை நீட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள், மெதுவாக இல்லை, பளாரென்று. "இருக்கேன்" என்றாள். "மெதுவா... பேசுவேன். நீங்க... இருங்க."

அதே பெண், குரலையே மாற்றிக்கொண்டு, "நான் இருக்கேம்மா, நீங்க நிதானமா சொல்லுங்க" என்றாள். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்க வேண்டும். பெயர் வந்தது. பிறந்த தேதி கேட்டபோது நாக்கு வேறு எண்ணைச் சொல்லிவிட்டது. அம்மா, "இல்ல... திருத்தம்" என்று சொல்லிவிட்டுச் சரியான தேதியைச் சொன்னாள். அச்சகத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல், அது மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.

பிறகு விஷயத்தைச் சொன்னாள். "தப்பு என்னுது. சிவப்பு எண்... சேர்த்துட்டேன்" என்றாள். அந்தப் பெண் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பிக்க, அம்மா விடவில்லை. "ரெண்டு பேர் வீடு. பத்து மடங்கு. உங்க பக்கம்... ஒருத்தரும் பாக்கலையா?" என்றாள். நான் கத்தின கத்தலுக்கு வராத பதில் இதற்கு வந்தது. பாட்டுப் போட்டுக் காக்க வைத்து மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்தாள். மீட்டரைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள், உடனே அனுப்பினோம். சரிதான், கூடுதலாக எடுத்த தொகை எங்களிடமே இருக்கட்டும், வருகிற மாதங்களில் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். எனக்கென்றால் அதுவே பெரிசு, சரி சரி என்று சைகை காட்டினேன். அம்மா, "வேண்டாம். திருப்பி" என்றாள். வீட்டுக் கடன் என்று ஒரு சொல் சேர்த்தாள். நான் ஒரு மெத்தை விற்க எத்தனை வார்த்தை கொட்டுகிறேன் என்று நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

கடைசியில் அந்தப் பெண் நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள்: "உங்களுக்குச் சிரமம் வேண்டாம்மா, இனிமே உங்க வீட்டுக்காரரோ பிள்ளையோ உங்களுக்காகப் பேசலாம்னு பதிவு பண்ணிக்கட்டுமா?" நான் தலையை ஆட்டிய ஆட்டில் கண்ணாடி கழன்று விழுந்தது. இதற்குத்தானே இவ்வளவு நாளும் தலைகீழாக நின்றோம்! அம்மா என்னைப் பார்த்தாள், சிரித்தாள். போனில், "வேண்டாம். நானே... பேசுவேன்" என்றாள்.

அம்மாடி, அந்த நிமிடம் என் பெண்டாட்டியைப் பார்த்து எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. கல்யாணத்தன்று கூட இவ்வளவு பெருமைப்பட்டேனா என்று தெரியவில்லை. போனை வைத்ததும் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை அதிகம் என்று குறை சொன்னாள். முழு வாக்கியமாகச் சொன்னாள்.

தொகை கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது. தவணையும் கட்டியாயிற்று. ஆட்டோ டெபிட் பழையபடி ஓடுகிறது, அளவாக. ஜிம் மாஸ்டருக்கு நானாக வலியப் போய் வணக்கம் சொன்னேன். அவனுக்கு நான் முகம் திருப்பியதே தெரியவில்லையாம். கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி, முதலாளி என்னை முறைக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

உன்னிடம் கேட்பது இதுதான் கண்ணு. அந்த ராஜினாமாவைக் கிழித்துப் போடு. எங்களைப் பார்க்க ஆசையாக இருந்தால் லீவு போட்டுவிட்டு ஓடி வா, நாங்களும் வழியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்களைக் காப்பாற்ற என்று மட்டும் வராதே.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நான் எடுக்கப் போவதில்லை. கடையில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவேன். அம்மாதான் எடுப்பாள். ஹலோ வர நேரமாகும். உன் பெயர் வர இன்னும் நேரமாகும். சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதைத்தான் தினமும் சொல்லிப் பழகுகிறாள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். லைன் போய்விட்டதென்று வைத்துவிடாதே. பாதிச் சொல்லில் நீயாக எடுத்துக் கொடுக்காதே. முன்பின் தெரியாத ஒரு பெண் காத்திருந்தாள் கண்ணு, நீயும் இரு.

எடுத்த வேலையை நல்லபடியாக முடித்து, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எந்நேரமும் நினைத்துக்கொண்டிருக்கும்,

உன் அப்பா