இரண்டு போத்தல் எலி லெமூர்

14 ஒக்டோபர், செவ்வாய்

விடியவே மழை. டிராம் பத்து நிமிடம் தாமதம். மியூசியத்தின் நிலவறையில் மூன்றாம் தட்டு, விலங்கு உடல்கள் ஊறுகிற 38 போத்தல், அல்கஹோல் குறைந்ததற்கெல்லாம் ஊற்றியாயிற்று. கையுறை முடிந்துவிட்டது, மேலே சொல்லவேண்டும்.

மத்தியானம் அபிரா படியில் ஓடி வந்தாள். பீலெஃபெல்ட் என்ற ஜெர்மன் நகரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, இங்கே லெமூர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். மடகஸ்காரை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத விலங்கு. அவளுடையது அதிலும் சின்னது, எலி லெமூர், உள்ளங்கைக்குள் அடங்கும். முன்பு இரண்டே இனம் என்றிருந்தார்களாம். இப்போது இருபதுக்கு மேல். கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். டிஎன்ஏ பார்க்கவேண்டும், எந்த இடத்தில் பிடித்தது என்றும் தெரியவேண்டும். பெட்சிபோகா என்று ஒரு பெரிய ஆறு. கிழக்கே ஓர் இனம், மேற்கே இன்னொன்று. ஆற்றைக் கடக்காதாம்.

"அங்கிள், கிழக்கு இனம் மேற்குக் கரையில நிண்டிருக்கு. இதுவரைக்கும் ஒருத்தரும் காணேல்லை" என்றாள்.

எந்தப் போத்தல் என்று கேட்டேன். 4417. பக்கத்துப் போத்தல் 4418இல் டிஎன்ஏ கெட்டுப்போய் ஒன்றும் தெரியவில்லையாம்.

நல்ல விஷயம் பிள்ளை என்றேன். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி ரதி ஏன் என்று கேட்டாள். பசிக்கவில்லை என்றேன்.

15 ஒக்டோபர், புதன்

மழை விட்டது. நித்திரை இல்லை.

எழுதிவிடுகிறேன். வாயால் யாருக்கும் சொல்லப்போவதில்லை.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளி. தம்பியின் மகள் பெரியபிள்ளையானதற்கு மறுநாள் சாமத்தியவீடு. விருந்தினர் உட்காரக் கதிரைகளை வாடகைக் கடையில் எடுத்து மண்டபத்துக்கு ஏற்றிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. இரண்டு மணிக்குள் எடுக்காவிட்டால் கடையைப் பூட்டிவிடுவான்.

எங்கள் வேலையில் விதி மூன்று:
ஒரு நேரத்தில் ஒரு போத்தல்தான் திறக்கலாம்.
காலில் கட்டிய லேபிளை அவிழ்க்கக் கூடாது.
தானாக அவிழ்ந்தால் உடனே மேலே சொல்லவேண்டும்.

அவசரத்தில் 4417, 4418 இரண்டையும் ஒன்றாகத் திறந்து ஒரே தட்டில் ஊற்றினேன். நூல் இற்றுப்போயிருந்தது. தட்டில் இரண்டு சின்ன உடம்பு, பக்கத்தில் மிதக்கிற இரண்டு லேபிள். ஒன்றில் கிழக்குக் கரை, மற்றதில் மேற்குக் கரை. எது எதனுடையது? இதுதான் இதற்கு என்று குத்துமதிப்பாக நினைத்துப் புது நூலால் கட்டினேன். நேரம் 1.40. யாருக்கும் சொல்லவில்லை.

கதிரைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சாமத்தியவீட்டு வீடியோவில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆக, லெமூர் ஆற்றைக் கடக்கவில்லை. நான்தான் கடத்திவிட்டேன்.

17 ஒக்டோபர், வெள்ளி

குளிர் தொடங்கிவிட்டது. கையுறை வந்தது, அளவு சின்னது.

பிரிவுத் தலைவி டொக்டர் பிராண்ட் அபிராவை நம்பவில்லை. விலங்கு கடக்கவில்லை, பிடித்தவர்தான் பிழையாக எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிட்டார். பிடித்தவர் லின்டமன். இப்போது வயது 81. இளமையில் இரண்டு வருடம் மடகஸ்காரில் நடந்து திரிந்து 212 லெமூர்களைச் சேர்த்தவர். அபிரா வரைகிற வரைபடம் முழுக்க அவர் எழுதிய இடங்கள்தான். ஒன்று பிழையென்றால் மற்றதை எப்படி நம்புவது என்று டொக்டர் பிராண்ட் கேட்கிறார். நியாயமான கேள்வி.

எனக்கு இங்கே வேலை தந்தவர் லின்டமன். நான் அப்போது ஹோட்டல் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். ஜெர்மன் அரைகுறை. நேர்முகத்தில் மூன்று கேள்வி கேட்டார். கடைசிக் கேள்வி: அவசரப்படுகிற ஆளா? இல்லை என்றேன். திங்கள் வா என்றார்.

ரதி மீன் வாங்கி வரச் சொன்னாள். மறந்துவிட்டேன்.

20 ஒக்டோபர், திங்கள்

லின்டமன் பீலெஃபெல்டிலிருந்து ரயிலில் வந்தார். நல்ல உயரமான மனிதர், கூனிப்போயிருக்கிறார். கை நடுங்குகிறது. போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டச் சொன்னார். பிடித்தேன்.

அவர் கட்டிய நூல் எல்லாம் பழுப்பு. நான் கட்டியது வெள்ளை. போத்தலைத் திருப்பி, நூல் என் உள்ளங்கைப் பக்கம் மறையும்படி பிடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. கை தானாகச் செய்தது. ஏழு வருடத்துக்கு முன் நடந்தது அவசரம். இன்றைக்கு நடந்தது களவு.

லேபிளை நெடுநேரம் பார்த்தார். தன் கையெழுத்துத்தான் என்றார். இவற்றைப் பிடித்த கிழமை முழுக்க மலேரியாக் காய்ச்சலோடு கூடாரத்தில் கிடந்ததாகச் சொன்னார்.

"அப்படியானால் நான்தான் மாற்றிக் கட்டியிருக்கிறேன். என்னுடைய எல்லாவற்றுக்கும் சந்தேகம் என்று போட்டுவிடுங்கள்."

டொக்டர் பிராண்ட் வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார். மனிதர் கேட்கவில்லை. போகும்போது என் மகள்களைப் பெயர் சொல்லி விசாரித்தார்.

21 ஒக்டோபர், செவ்வாய்

அந்த வேலை யாருக்கு வந்தது? எனக்குத்தான். கணினியில் ஒவ்வொரு லெமூருக்கும் 'பிடித்த இடம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'சந்தேகத்துக்குரியது' என்று சேர்க்கவேண்டும். இன்றைக்கு 46.

22 ஒக்டோபர், புதன்

51.

மனிதர் எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறார். "ஆற்றிலிருந்து முக்கால் மணி நேர நடை. மரப்பொந்து. பின்னேரம் மழை." அதற்குப் பக்கத்தில் நான்: சந்தேகத்துக்குரியது. அவர் நனைந்த மழைக்கும் சேர்த்துச் சந்தேகம். டொக்டர் பிராண்ட் வந்து பார்த்துவிட்டு, வேகமாகச் செய்கிறாய் என்று பாராட்டினார். காறித் துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

25 ஒக்டோபர், சனி

வெயில், ஆனால் சூடில்லை. குளிர்கால டயர் மாற்றக் கராஜில் நாள் கேட்டு டெர்மின் எடுக்கவேண்டும்.

ரதி லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். கத்தியை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். "இப்ப சொல்லி என்ன காணப்போறியள்? அந்த மனிசன் தன்ரை பிழை எண்டு ஒப்புக்கொண்டிட்டார். உங்களுக்குப் பென்சனுக்கு இன்னும் அஞ்சு வருசம் கிடக்கு" என்றாள்.

சரிதான் என்றேன். உடனே சொன்னேன். யாராவது அப்படிச் சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தவன் போல. வெட்கம்.

படுக்கப் போகும்போது, ஒழுங்காகச் சாப்பிட்டு எத்தனை நாள் என்று அவளே கேட்டாள். விளக்கை அணைத்தேன்.

27 ஒக்டோபர், திங்கள்

தேநீர் போடுகிற சின்ன அறையில் அபிரா தனியாக இருந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் கொண்டுபோன ரோல்ஸில் ஒன்று கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு வருச வேலை, அங்கிள். லின்டமன்ரை இடங்கள் இல்லாமல் வரைபடம் கீற ஏலாது. நான் விடப்போறன்" என்றாள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். அவர் ஊரெல்லாம் மகள் டொக்டர் ஆகப்போகிறாள் என்று சொல்லித் திரிகிறாராம்.

அவசரப்படாதே பிள்ளை என்றேன். நான் சொன்னேன் அதை! கழுவுதொட்டியில் கோப்பையைக் கழுவினேன், பிறகு இன்னொரு தடவை கழுவினேன்.

பின்னேரம் கணினியில் மீதி 30. கை போகவில்லை.

28 ஒக்டோபர், செவ்வாய்

காலை 9.15. டொக்டர் பிராண்டின் அறை. அபிராவையும் கூப்பிடச் சொன்னேன். எழுதிக்கொண்டு போன ஜெர்மன் வாசகங்கள் எல்லாம் மறந்துவிட்டன. இரண்டு போத்தல், நூல், கதிரை, வெள்ளி. அவ்வளவுதான் சொன்னேன். லின்டமன் வந்த திங்கட்கிழமை நூலை மறைத்துப் பிடித்ததையும் சொன்னேன்.

மூவரும் நிலவறைக்கு இறங்கினோம். 212 போத்தலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 210இல் பழுப்பு நூல், லின்டமன் கட்டியபடியே. இரண்டில் மட்டும் வெள்ளை. அவருடைய இடங்கள் எல்லாம் சரி. டொக்டர் பிராண்ட் சத்தம் போடவில்லை. நிலவறைப் பூட்டின் திறப்பைக் கேட்டார். கொடுத்தேன். எழுத்தில் எச்சரிக்கை வரும், வேலை பற்றி மேலிடம் முடிவு செய்யும் என்றார்.

அபிரா படியில் நின்றாள். "அண்டைக்கு நான் ஓடிவந்து சொன்னபோதே உங்களுக்குத் தெரியும், என்ன?" என்றாள். ஓம் என்றேன். மேலே போய்விட்டாள். அவளுடைய வரைபடம் பிழைத்துவிட்டது. மத்தியானம் அவள் கீழே வரவில்லை.

லின்டமனுக்கு நானே சொல்லவேண்டும் என்று கேட்டு வாங்கினேன். 4 மணிக்குத் தொலைபேசி. எல்லா வசவுக்கும் ஆயத்தமாக இருந்தேன். அவர் ஒரு வசவும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, "நான் இல்லை, நான் இல்லையாம்" என்று சொல்வது கேட்டது. பிறகு எனக்கு நன்றி சொன்னார். மூன்று தடவை. சொல்வதற்குத் துணிவு வேண்டும் என்றார். ஞாயிறு மூன்றரைக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு கேக் சாப்பிட வா என்றார். ஓம் என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் போனை மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாவை ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன், லின்டமனுடைய ஓய்வு விழாவில். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லிய குரலில், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்.

பதினான்காம் திகதியிலிருந்து என்றேன்.

"எட்டு நாளாக அவர் என்னோடு சாப்பாட்டு மேசையில் உட்காரவில்லை" என்றார். "ஞாயிறு நீங்கள் வரவேண்டாம். அவரிடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்."