இருபத்திரண்டு நட்சத்திரங்கள்

1999 நவம்பர் 15, திங்கள்

காலையிலிருந்து மழை. மேற்கு மாம்பலம் கடை வாசலில் கணுக்கால் வரை தண்ணீர். ஜெராக்ஸ் மிஷினைச் செங்கல் மேல் ஏற்றியாயிற்று. கல்யாணப் பத்திரிகை இரண்டு, பயோடேட்டா ஒன்று டைப் செய்தேன். மிச்ச நேரம் முழுக்க மயிலாப்பூர் மேடத்தின் தீசிஸ். காலேஜில் பாடம் நடத்திக்கொண்டே எம்.இ. படிக்கிறார். ஒரே செய்தியைப் பல அலைகளில் பிரித்து அனுப்புவது, இரண்டு ஆன்டெனா வைத்து அனுப்புவது, இதுதான் விஷயம். ஒரு சமன்பாட்டுக்கு இருபது தடவை மவுஸ். மேலே குட்டி எழுத்து, கீழே குட்டி எழுத்து, நடுவில் கிரேக்கம். இரண்டு முறை கரண்ட் போய் எல்லாம் அழிந்தது.

முதலாளி: "இன்னாம்மா செல்வி, இந்த வாட்டியும் தப்புன்னு திரும்பி வந்துச்சுன்னா நீ ஜெராக்ஸுக்குப் போய்டு. கம்ப்யூட்டருக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

டைப்பைத் தொடர்ந்தேன். என்றைக்கு அவருக்குப் பதில் சொன்னேன்? ஒன்பதாவதில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னதாலேயே பள்ளியை விட்டேன். இந்தக் கம்ப்யூட்டர் நாற்காலியில் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. ஜெராக்ஸ் என்றால் வருகிறவன் போகிறவன் எல்லோரிடமும் பேச வேண்டும்.

16, செவ்வாய்

மழை விட்டது. ஐந்தாம் அத்தியாயம். எழுத்துகளின் தலையில் நட்சத்திரம், மொத்தம் இருபத்திரண்டு. கடையில் சேர்ந்த அன்றே முதலாளி சொன்ன விதி: பக்கத்தின் அடியில் குறிப்பு இல்லையென்றால் மேலே நட்சத்திரம் இருக்கக் கூடாது. அடியில் தேடினேன். ஒரு குறிப்பும் இல்லை. மேடத்துக்கு மறதி. எல்லாவற்றையும் எடுத்தேன். பக்கம் சுத்தமாக இருந்தது.

சாயங்காலம் மேடம் வந்தார். "வெள்ளிக்கிழமை கார்த்தால இத கைடுகிட்ட குடுத்தாகணும். கடைசி அத்தியாயத்த அப்பறமா வாங்கிண்டு போறேன். நேக்கு உக்காந்து படிக்கக்கூட நேரமில்லம்மா."

ஐந்து அத்தியாயத்தையும் ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன்.

17, புதன்

மாம்பலம் ஸ்டேஷன். ரயில் தாமதம். ஒருவர் கடகடவென்று அறிவித்தார். ஒரு ஸ்பீக்கர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஸ்பீக்கரின் குரல் அதன் மேல் ஏறியது. பக்கத்தில் பூக்கார அம்மா: "இன்னா சொல்றான் இவன்? வாயில கொழுக்கட்ட வச்சிக்கினு கீறானா?"

பிறகு ஸ்பீக்கரில் ஒரு பெண் அறிவித்தார். ஒரு சொல். கொஞ்சம் சும்மா. அடுத்த சொல். எல்லாம் புரிந்தது. எதிரொலி அந்தச் சும்மாவிலேயே அடங்கிவிட்டது.

மேடம் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இதைத்தான் எழுதியிருக்கிறார். அலை கட்டடங்களில் பட்டுத் தாமதமாகவும் வரும். வேகமாக அனுப்பினால் ஒன்றின் மேல் ஒன்று விழும். மெதுவாக அனுப்பு, நடுவில் இடம் விடு. மெதுவானால் நேரமாகுமே? அதற்குத்தான் பல அலைகள். நூறு பேர் வேறு வேறு சுருதியில் ஒரே நேரத்தில் நிதானமாகப் பேசுகிற மாதிரி. இதற்கு நாற்பது பக்கம். என் விரல்தான் தேய்கிறது.

18, வியாழன்

கடைசி அத்தியாயத்தில் ஐந்தாம் அத்தியாயத்தின் அதே சமன்பாடு மறுபடி. இரண்டு ஆன்டெனாவும் முதலில் ஆளுக்கு ஓர் எண் அனுப்பும். அடுத்த முறை இடம் மாற்றி, ஒன்றுக்குக் கழித்தல் குறி, இரண்டுக்கும் நட்சத்திரம். வாங்கும் இடத்தில் கலந்துதான் வரும். பெருக்கிக் கூட்டினால் வேண்டாதது கழிந்து, ஒவ்வோர் எண்ணும் தனியாக நிற்கும். கூட்டலும் கழித்தலும் சேர்ந்தால் ஒன்றுமில்லை என்பது எனக்கும் தெரியும். மேடம் எழுதியதில் கழிகிறது. நான் டைப் செய்ததில் கழியவில்லை. நட்சத்திரம் அடிக்குறிப்புக்கு இல்லை. அது கணக்கின் பாகம்.

நாளைக் காலை கைடு கையில் இருக்கும்.

1. சும்மா இருப்பது. தப்பு மேடத்துடையது என்று கைடு நினைப்பார்.
2. போன் செய்வது. போன் முதலாளி மேஜையில். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது இல்லை.

போன் செய்தேன். என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. ஒரே மூச்சில் கொட்டினேன்.

"யாரு? ஒண்ணும் புரியலயே. யாரும்மா பேசறது?"

முதலாளி பேப்பரைத் தாழ்த்தினார். நிறுத்தினேன். எதிரொலி அடங்கட்டும் என்று காத்திருந்து, ஒவ்வொரு சொல்லாக:

"மேடம். செல்வி. அஞ்சாம் அத்தியாயம். நட்சத்திரம். எல்லாத்தையும். நான் எடுத்துட்டேன்."

மேடத்தின் குரல் உயர்ந்தது.

"எல்லாத்தையுமா?"

"இருபத்திரண்டும். திருப்பிப் போட்டுத் தரேன்."

"ஆட்டோ புடிச்சுண்டு வரேன். எங்கயும் போயிடாதே."

வைத்ததும் முதலாளி: "எவன் எடுக்கச் சொன்னது?"

"நீங்கதான் சார். அடியில குறிப்பு இல்லன்னா எடுக்கச் சொன்னீங்க."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே தெரிந்தது. அவர் மறுபடி பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

19, வெள்ளி

மறுபடி மழை. இருபத்திரண்டு நட்சத்திரமும் கைடிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. நேற்று மேடமும் நானும் மூன்று முறை எண்ணினோம். கம்ப்யூட்டர் நாற்காலியில் இன்னும் நான்தான். ஆனால் முதலாளி போனைத் தூக்கி என் மேஜையில் வைத்துவிட்டார். "நல்லாத்தானே பேசற? இனிமே கஸ்டமர் போனெல்லாம் நீயே எடு."

பேச வேண்டாம் என்றுதானே இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இதோ, எழுதும்போதே போன் அடிக்கிறது