கடைசி வரிசை வயலின்

பெய்ஜிங்
06.10.2024

அன்புள்ள தீபனுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள், என்ஜின் ஒயில் கையோடு படுக்கப் போவதில்லை என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் கதைத்தால் நம் இரண்டு பேரில் ஒருவர் கோபித்துக்கொண்டு இணைப்பை வெட்டிவிடுகிறார். கடிதத்தில் என்றால் ஆறுதலாகச் சண்டை பிடிக்கலாம். யோசனை உங்களுடையது என்றாலும் நல்ல யோசனைதான்.

முதலில் என் மானம் போன கதை. படிப்பு முடிந்த கையோடு இந்த நாட்டின் தேசிய சிம்பொனி இசைக்குழுவில் என்னைத் தற்காலிகமாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? இரண்டாம் வயலின், கடைசி வரிசை. போன கிழமை ஒத்திகையில் எங்களுக்கு நீண்ட ஓய்வு வந்தது. ஒரு புல்லாங்குழல் மட்டும் மெல்ல வாசிக்கும். மற்ற எல்லோரும் அசையாமல் இருந்து மனதுக்குள் எண்ண வேண்டும். நான் வில்லை மடியில் வைத்துவிட்டு, என்னை அறியாமலே தொடையில் ஆதி தாளம் போடத் தொடங்கிவிட்டேன். தட்டி, விரல் எண்ணி, கையைத் திருப்பி வீசி, எல்லாம் முறைப்படி! மண்டபம் முழுக்கக் கேட்டது. நடத்துநர் கோலை இறக்கினார். அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த லின் சிரிப்பை அடக்கி அடக்கிச் சிவந்து போனாள்.

நடத்துநர் ஏசவில்லை. ஆனால் எங்கள் வயலின் பகுதித் தலைவி இடைவேளையில் வந்து, கை அடங்காவிட்டால் நிரந்தர இடம் கிடையாது என்று நேரே சொல்லிவிட்டாள்.

நேற்று வடக்கில் ஓர் இரும்பாலை நகரத்துக்குப் போய் வாசித்தோம். வேலை முடித்த சனம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. பாதிப் பிள்ளைகளின் முதுகில் வயலின் பெட்டி. முதலில் மேல்நாட்டுச் சிம்பொனி. அது முடிய, அந்தப் பகுதி உழவர்கள் பாடும் மெட்டை வைத்து இவர்களே எழுதிய ஒன்று. அதைக் கேட்டதும் முன்வரிசையில் இருந்த ஒரு மனிசி வாய்விட்டுப் பாடத் தொடங்கிவிட்டா. யாரும் தடுக்கவில்லை. ஒரு காலத்தில் இந்த மேல்நாட்டு இசையை வாசிக்கவே விடாமல் வைத்திருந்தார்களாம். தடை நீங்கி மறுபடி வாசித்தபோது மண்டபத்தில் அழாத ஆள் இல்லை என்று லின்னின் தகப்பன் சொன்னார். அப்படி விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த குழுவில் ஒரு கதிரை எனக்கு. நினைக்கவே சந்தோசமும் புழுகமுமாக இருக்கிறது.

நிரந்தரமாக எடுத்தால் இரண்டு வருட ஒப்பந்தம். தையில் வருவேன் என்று சொன்னதை மறக்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

உங்கள் மனைவி,
கேதீஸ்வரி

--

பருத்தித்துறை
29.10.2024

அன்புள்ள கேதீஸ்வரிக்கு,

நான் சுகம். அம்மா சுகம். சோளகக் காற்று ஓய்ந்துவிட்டது, படகு என்ஜின்கள் கராஜில் வரிசையாக வந்து நிற்கின்றன, எனக்கு மூச்சு விட நேரமில்லை. நீர் தாளம் போட்ட கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "உந்தப் பிள்ளையை என்னத்துக்குப் பின்னாலை இருத்தி வச்சிருக்கினம்?" என்று கேட்டா. எனக்கும் அதுதான் விளங்கவில்லை.

உம்மை அரங்கேற்ற மேடையில் நடுவில் பார்த்தவன் நான். எனக்குச் சங்கீதத்தில் ஒரு கோதாரியும் தெரியாது. ஆனால் அன்றைக்கு மண்டபத்தில் ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை என்பது தெரியும். கட்டினால் இந்தப் பெட்டையைத்தான் என்று அங்கேயே முடிவெடுத்தேன். அப்படி வாசித்தவர், அத்தனை பேருக்குப் பின்னால் போய் ஒளிந்திருக்கவா பெய்ஜிங் போனீர்?

ஒரு நல்ல செய்தி. நமசிவாயம் மாமா ஓடித் திரிந்து பிடித்துத் தந்தது. மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர் இடம் காலியாகிறது. தை மாதம் நீர் வந்து பொறுப்பெடுக்க வேண்டும். உமக்காக நான் ஓம், அவ வருவா என்று சொல்லிவிட்டேன்.

கேதீஸ், வேலை முடித்து வந்து வீட்டு லைற்றைப் போடும்போது ஒவ்வொரு நாளும் எனக்குக் கோபம் வருகிறது. யாரில் என்று தெரியவில்லை. நான் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வாரும்.

உமது,
தீபன்

--

பெய்ஜிங்
24.11.2024

அன்புள்ள தீபனுக்கு,

இதை ஓர் இடத்தில் இருந்துகொண்டு வாசியுங்கள். நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களிடம் கேட்கவில்லை. எனக்காக ஓம் சொல்லும்போது நீங்களும் என்னிடம் கேட்கவில்லை. பழிக்குப் பழி என்று நினைக்க வேண்டாம். கேட்டிருந்தால் நீங்கள் மறுத்திருப்பீர்கள், நான் அழுதிருப்பேன், பிறகும் இதைத்தான் செய்திருப்பேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று மாலைதான் என் நிரந்தர இடத்தைத் தீர்மானிக்கிற கச்சேரி. கடிதம் வாசித்த கோபத்தோடு போய் இருந்தேன். அதே நீண்ட ஓய்வு வந்தது. பகுதித் தலைவி கடைக்கண்ணால் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் உங்களோடு சண்டை நடந்தது. "ஒளிந்திருக்கவா" என்ற சொல் திரும்பத் திரும்பக் கேட்டது. கை அசையவில்லை, தீபன். எண்ணி முடித்துச் சரியான இடத்தில் எல்லோரோடும் சேர்ந்து வில்லை வைத்தேன்.

நடுவில் இருந்து வாசித்த காலத்தில் எனக்கு என் சத்தம் மட்டும்தான் கேட்டது. இங்கே ஒரே சத்தத்துக்குள் நானும் இருக்கிறேன். எங்கள் ஊரில் பத்து வயலின்காரரைக் கூப்பிட்டால் பத்துக் கச்சேரி கிடைக்கும், ஒரு குழு கிடைக்காது. இதைப் படித்துக்கொண்டு வந்து யாழ்ப்பாணத்தில் ஒன்று தொடங்கப் போகிறேன் என்று பெரிய காரணம் சொல்லலாம். ஒருநாள் செய்யவும் கூடும். ஆனால் இப்போதைக்கு உண்மை அது இல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாமாவிடம் நானே எழுதி மன்னிப்புக் கேட்கிறேன். உங்களை எனக்கு வேண்டும். இந்தக் கதிரையும் வேண்டும். இரண்டும் கூடாது என்றால், சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்,
கேதீஸ்வரி

--

பருத்தித்துறை
09.01.2025

கேதீஸ்வரிக்கு,

மார்கழி முழுக்க எழுதவில்லை. எழுதியிருந்தால் பிறகு வெட்கப்படுகிற மாதிரி எழுதியிருப்பேன்.

உங்கள் புதுவருடக் கச்சேரியின் வீடியோவை என்னிடம் வேலை பழகும் மயூரதன் எங்கேயோ தேடிப் பிடித்து, கராஜில் பெரிய ரீவியில் போட்டான். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் இருந்தோம். கமெராக்காரன் முன்வரிசையை விட்டு அசைகிறான் இல்லை. மேளக்காரனைக் காட்டுகிறான், கூரையைக் காட்டுகிறான், சனத்துக்குள் கொட்டாவி விடுகிற ஒரு கிழவனைக்கூடக் காட்டுகிறான், உம்மைக் காட்டவில்லை. வின்சன்ற் ஒரு சீனத்தியைக் காட்டி, "உவ தானே அண்ணை?" என்று கேட்டான். அடிக்கப் போனேன்.

மற்றவர்கள் போன பிறகு இன்னொருமுறை போட்டேன். தூரத்தில் வில்லுகள் எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. அதில் எது உம்முடையது என்று எனக்குத் தெரியவில்லை. என் பெண்சாதியை எனக்கே தெரியவில்லை என்று அழுகை வந்தது. அழுதேன். ஆனால் நிறுத்தவில்லை, முடியும்வரை பார்த்தேன். நீர் ஒளிந்திருக்கவில்லை. அப்படி எழுதியது பிழை.

மானிப்பாய்க்கு நேரில் போய், வேறு ஆளை எடுக்கச் சொல்லிவிட்டேன். மாமா என்னோடு கதைப்பதில்லை. போகப் போகக் கதைப்பார். அம்மாவுக்குச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. கடைசியில் சொன்னேன். குளிருக்கு ஏதாவது பின்னி அனுப்பவோ என்று கேட்டா.

இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடம். கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். அதை வைத்துக்கொண்டே காத்திருப்பேன். ஆவணியில் விசா எடுத்து வருகிறேன். கடைசி வரிசைக்கு நேரே ஓர் இடம் பார்த்து வையும்.

இன்று காலை மீன் சந்தையில் முருகேசு அண்ணை, "என்ன தம்பி, மனுசி விட்டிட்டுப் போட்டாவாமே?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். நான் கையில் எடுத்த மீனைத் திரும்ப வைத்துவிட்டு, அவரைவிடச் சத்தமாகச் சொன்னேன்:

"விட்டிட்டுப் போகேல்லை அண்ணை. அவ வேலைக்குப் போயிருக்கிறா."

உமது,
தீபன்